பெரியப்பா பின்னால் நிற்பது எந்த விமானம்? ஒரு ஆப், ஒரு ஸ்டூடியோ, ஒரு 180 ரூபாய் லென்ஸ்

பழைய போர் விமானப் படம் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அது என்ன விமானம் என்று கண்டுபிடிக்க ஒரு ஆப்புக்கு 499 ரூபாய் கட்டலாமா என்று யோசிக்கிறீர்களா? கட்டாதீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போகலாம். நேரம் இருப்பவர்கள் உட்காருங்கள். என் 499 ரூபாய் போனது பெரிய கதையில்லை, ஆனால் அந்த விமானம் கடைசியில் பிடிபட்ட விதம் எனக்கே இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஸ்டூடியோவின் பெயரையும்தான். படத்தைக் காட்டினால் விமானத்தின் பெயர் சொல்லும் ஆப்கள் நாலைந்து இருக்கின்றன. மூன்றை இலவசமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் விவரமாகப் பேசியது போலத் தெரிந்த ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். மூன்றும் ஒரே மாவில் ஊற்றிய தோசைதான், ஒன்றில் மட்டும் கொஞ்சம் நெய்.

சரி, படம். பெரியப்பா 1957ல் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தவர். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் முழுக்க வடக்கே. ஃபிட்டர் வேலை. விமானம் ஓட்டியவர் இல்லை, ஓட்டியவர்கள் பத்திரமாக இறங்குவதற்காக ஸ்பானர் பிடித்தவர். அவர் காலமாகி 11 வருடம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியதில் கறுப்பு அட்டை ஆல்பம் ஒன்று வந்தது, அதில் இந்தப் படம். தபால் கார்டைவிடச் சின்னது, கறுப்பு வெள்ளை. மூன்று பேர் நிற்கிறார்கள், இரண்டு பேர் முன்னால் குந்தியிருக்கிறார்கள், பெரியப்பா இடது ஓரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. பின்னால் ஒரு ஜெட், முக்கால் முகம் காட்டி நிற்கிறது. மூக்கில் பெரிய ஓட்டை. இறக்கையின் நுனி படத்துக்கு வெளியே போய்விட்டது, இறக்கை உடலோடு சேரும் இடத்தை ஆட்கள் மறைத்துவிட்டார்கள், வால் மட்டும் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் 'ஆதம்பூர்' என்று தமிழில் ஒரு சொல், பஞ்சாபில் இருக்கும் விமானப்படைத் தளம் அது. வருடம் எழுதவில்லை. எல்லா வரவு செலவையும் தேதி போட்டு எழுதி வைத்த மனிதர், இதில் மட்டும் விட்டுவிட்டார்.

பெரியம்மா 'நேட்டுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு' என்றார். அவர் மகன், என் அண்ணன், 'ஹன்டர்டா அது, அப்பா எப்பவும் ஹன்டர் கதைதான் சொல்வாரு' என்றான். நேட், ஹன்டர் இரண்டும் அந்தக் காலத்தில் நம் விமானப்படையில் இருந்த போர் விமானங்கள். படத்தில் இருப்பது இரண்டும் இல்லை என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது, அதற்குப் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. ஹன்டருக்கு மூக்கு மூடியிருக்கும், காற்று போகும் வாய் இரண்டு இறக்கைகளும் உடலோடு சேரும் இடத்தில் முக்கோணமாக இருக்கும். நேட்டுக்குக் காற்று வாய் விமானி உட்காரும் இடத்தின் இருபுறமும் இருக்கும், அதோடு அது சின்ன விமானம், இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை, பக்கத்தில் ஆள் நின்றால் பொம்மைக் காரின் பக்கத்தில் நிற்பது போலத் தெரியும். இந்தப் படத்தில் ஆட்களுக்குப் பின்னால் நிற்பது நல்ல வளர்ந்த எருமை.

இதற்குள் அண்ணன் ஒரு காரியம் செய்துவிட்டான். படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட வேண்டும் என்று டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டான். இப்போதெல்லாம் கையால் டச்சப் செய்வது இல்லை, கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே கீறல், மடிப்பு, பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்து, முகத்தைத் தெளிவாக்கித் தந்துவிடுகிறது. 1,200 ரூபாய். வந்த படத்தைப் பார்த்தால் முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான், எனக்கும்தான். பெரியப்பாவின் சட்டைப் பொத்தான் வரை எண்ணலாம். மீசை கொஞ்சம் அடர்த்தியாகி யாரோ சினிமா இன்ஸ்பெக்டர் மாதிரி ஆகிவிட்டார், பரவாயில்லை. குந்தியிருந்த ஒருவரின் இடது கையில் ஆறு விரல் இருந்தது, அதையும் மன்னித்துவிட்டோம்.

அந்தத் துடைத்த படத்தைத்தான் நான் ஆப்பில் போட்டேன். தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். மூன்று நொடி சுற்றியது. 'நார்த் அமெரிக்கன் எஃப்-86 சேபர்' என்று பெரிய எழுத்தில் வந்தது, பக்கத்தில் பச்சை வட்டத்தில் 94 சதவீதம் நம்பகம். கீழே முதல் பறப்பு 1947, கொரியா போர், எத்தனை நாடுகள் வைத்திருந்தன என்று ஒரு பத்தி. அந்த விவரங்கள் எல்லாம் சரிதான், சேபரைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, படத்தில் இருப்பது சேபர் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நான் யோசிக்காமல் அதைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. சேபர் இந்திய விமானப்படையில் இருந்ததே இல்லை. அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த விமானம் அது, 1965 போரில் நம்மவர்களுக்கு எதிரே பறந்தது. இதைச் சின்ன அத்தையின் மருமகன் கூகுளில் பார்த்துச் சொன்னதும் கதை கிளம்பிவிட்டது. 'அப்போ பெரியப்பா பாகிஸ்தான் விமானத்தைப் பிடிச்சிட்டு வந்த டீம்ல இருந்திருக்காரு!' சாயங்காலத்துக்குள் அவரே பிடித்துவிட்டார். இரவு அண்ணன் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். பெரியம்மா மட்டும் போனில் 'அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலையேப்பா அவரு' என்று சந்தேகமாகக் கேட்டார்.

எனக்கு உறுத்தியது வால். சேபரில் பின்னால் குறுக்காக இருக்கும் சின்ன இறக்கைகள் உடலில் இருந்து கிளம்பும். படத்தில் அவை உடலில் இல்லை, செங்குத்து வாலின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தன. துடைத்த படத்திலேயே அது தெரிந்தது. ஆப்புக்குத் தெரியவில்லை, அல்லது மூக்கைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டு மிச்சத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானத்தைப் பார்த்து விமானம் அடையாளம் சொல்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தார்கள்: இறக்கை, என்ஜின், உடல், வால். ஒன்றைப் பார்த்து முடிவுக்கு வராதே, நாலையும் பார் என்பதுதான் விஷயம். அந்தப் பாடம் எந்த அளவுக்கு உதவியது என்பதில் அப்போதே கிண்டல் உண்டு, ஆனாலும் 499 ரூபாய் ஆப்பைவிட அது மேல்.

பெரியம்மாவிடம் கேட்டு மூலப் படத்தை வாங்கி வந்தேன். இங்கேதான் வயிறு எரிந்தது. மூலப் படத்தில், மூக்கு ஓட்டையின் நட்ட நடுவில், மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கிறது. ஸ்டூடியோ கம்ப்யூட்டர் அதைக் கீறல் என்று நினைத்துத் துடைத்து, ஓட்டையை வழவழவென்று வட்டமாக்கிவிட்டது. அது கீறல் இல்லை. அதுதான் அந்த விமானத்தின் ரேஷன் கார்டு.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கால ஜெட்டில் என்ஜின் உடம்பின் நடுவிலோ பின்னாலோ இருக்கும், விமானி முன்னால் உட்கார்ந்திருப்பார். மூக்கு வழியாக நுழையும் காற்று விமானியைத் தாண்டித்தான் என்ஜினுக்குப் போக வேண்டும். இதற்கு இரண்டு வழிதான். அவர் இருக்கைக்கு அடியில் புகுந்து போகலாம், அல்லது இரண்டாகப் பிரிந்து அவருக்கு இருபுறமும் போகலாம். சேபரில் காற்று அடியில் போகிறது, அதனால் மூக்கு ஓட்டை ஒரே குகையாக இருக்கும், மேலுதடு மட்டும் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், அந்த உதட்டுக்குள் தூரம் அளக்கும் ரேடார் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் தூஃபானியிலும் மிஸ்டியரிலும், ரஷ்யர்களின் மிக்-15, மிக்-17லும் காற்று இரண்டாகப் பிரிகிறது, அதனால் ஓட்டைக்கு நடுவே சுவர் தெரியும். மிக்-21, சுகோய்-7 இரண்டிலும் ஓட்டைக்கு நடுவே கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் குழப்பவே முடியாது. ஆக அந்த ஒரு கோட்டைத் துடைத்ததில் ஸ்டூடியோக்காரர் ஒரு பிரெஞ்சு விமானத்துக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

மூலப் படத்தை ஸ்கேன் செய்து ஆப்பில் மறுபடி போட்டேன். இந்த முறை மிக்-17, 88 சதவீதம். மூக்கு மட்டும் வெட்டிப் போட்டேன்: மிக்-15. வாலை மட்டும் போட்டேன்: மறுபடியும் சேபர், வெட்கமே இல்லாமல். ஆட்களைக் கொஞ்சம் ஒதுக்கி நடுப்பகுதியைப் போட்டபோது 'டசோ உரகான்' என்று 61 சதவீதத்தில் ஒரு முணுமுணுப்பு. உரகான்தான் நம் தூஃபானி, பிரான்சில் புயல் என்று வைத்த பெயரை நாமும் புயலாகவே மாற்றிக்கொண்டோம். சரியான குடும்பத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது. ஒரே படம், நாலு வெட்டு, நாலு பதில், ஒவ்வொன்றிலும் அதே பச்சை வட்டம். தெரியவில்லை என்று சொல்லும் பட்டனே அதில் இல்லை. நம்மூரில் வழி கேட்டால் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் ஏதோ ஒரு பக்கம் கை காட்டுவார்களே, அந்த ரகம்.

ஏன் இப்படி என்பதற்கு என் ஊகம் இது. சேபர் 9 ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட விமானம், மிக்-15ம் 17ம் ஆயிரக்கணக்கில். இன்றும் அமெரிக்க ஏர் ஷோக்களில் பளபளவென்று பறக்கின்றன, ஆயிரக்கணக்கான கலர் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நம் விமானப்படை வாங்கிய மிஸ்டியர் வகையான நான்கு-ஏ மொத்தமே நானூற்றுச் சொச்சம்தான். ஆப் எதை அதிகம் பார்த்திருக்கிறதோ அதையே சொல்கிறது. அதற்காக ஆப்பை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் விமானங்களை வைத்துச் சோதித்தேன், ஏர்பஸ் எது போயிங் எது என்று ஒன்றுகூடத் தப்பவில்லை. பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் முன்பு எடுத்த கலர் படங்களில் மிக்-21ஐயும் கான்பராவையும் சரியாகச் சொன்னது. எச்ஏஎல் இங்கேயே கட்டிய மருத் என்ற போர் விமானத்தை மட்டும் கோட்டை விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஜெர்மானியர் குர்ட் டாங்க் இங்கே வந்து உட்கார்ந்து வடிவமைத்து, 1961ல் பெங்களூரில் முதலில் பறந்து, மொத்தம் 147 கட்டப்பட்ட விமானம். அதைப் பார்த்து இன்னொரு நாட்டு விமானத்தின் பெயரைச் சொல்கிறது.

இனி லென்ஸ். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்த மாதிரி 10 மடங்கு காட்டும் லென்ஸ், 180 ரூபாய். இதைப் பற்றி ரிவ்யூ எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது. பழைய பிரிண்ட்டில் நாம் நினைப்பதைவிட விவரம் அதிகம். போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பி அதை ஆப்பில் போட்டால் ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் செத்துப்போகும். லென்ஸில் நேராகப் பார்த்தால் அந்த மணல் மணலான புள்ளிகளுக்குள்ளே உருவம் எழுந்து வரும். ஜன்னல் ஓரம், காலை வெயில், படத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், நேர் வெளிச்சத்தில் பளபளப்புத்தான் தெரியும். கண்ணுக்கு மிக அருகில் லென்ஸ், படத்தை லென்ஸ் நோக்கிக் கொண்டுவர வேண்டும், லென்ஸைப் படத்தில் வைத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது. பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்தால் தலை வலிக்கும், லென்ஸின் ஓரத்தில் நிறம் பிரியும், விலைக்கு அவ்வளவுதான்.

இப்போது இரண்டு பேர்தான் பாக்கி, தூஃபானியும் மிஸ்டியரும். மிக் இரண்டையும் விடலாம், அவற்றின் துப்பாக்கிக் குழாய்கள் மூக்குக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. தவிர இந்திய விமானப்படை அவற்றை வைத்திருக்கவே இல்லை. தூஃபானி 1953ல் வந்தது, மிஸ்டியர் 1957ல். இரண்டும் ஒரே டசோ கம்பெனிப் பிள்ளைகள், அண்ணன் தம்பி ஜாடை. பெரிய வித்தியாசம் இறக்கையில்: தூஃபானிக்கு ஏறக்குறைய நேர் இறக்கை, நுனியில் முட்டை மாதிரி எரிபொருள் டேங்க், மிஸ்டியரின் இறக்கை நன்றாகப் பின்னால் சாய்ந்தது, நுனியில் ஒன்றும் இருக்காது. என் படத்தில் நுனியே இல்லை, அடியையும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள். படம் பிடித்தவர் இரண்டு அடி பின்னால் போயிருந்தால் எனக்கு இந்த ரிவ்யூ எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அதனால் துப்பாக்கி ஓட்டைகளை எண்ண வேண்டியதாயிற்று. தூஃபானியில் 20 மி.மீ. பீரங்கி நாலு, மூக்கின் கீழ்ப்பகுதியில் பக்கத்துக்கு இரண்டு. மிஸ்டியரில் 30 மி.மீ. பீரங்கி இரண்டே, பக்கத்துக்கு ஒன்று. ஸ்டூடியோ படத்தில் ஓட்டையே கிடையாது, தூசிப் புள்ளி என்று துடைத்துவிட்டார்கள். மூலப் படத்தில், குந்தியிருப்பவரின் தலைக்கு மேலே, மூக்கின் கீழ் வளைவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. ஒன்றுதான். பக்கத்தில் இன்னொன்று தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நிழலா ஓட்டையா என்று தெரியாமல் இரண்டு நாள். மனைவி பார்த்துவிட்டு ஒன்று என்றாள், மகன் இரண்டு என்றான், அவனுக்குத் தூஃபானி என்ற பெயர் பிடித்துப்போயிருந்தது, அது தனி விஷயம்.

மூன்றாம் நாள்தான் எழுத்து கண்ணில் பட்டது. பெரியப்பாவின் காதுக்கும் பக்கத்தில் நிற்பவரின் தோளுக்கும் நடுவில் ஒரு விரலி மஞ்சள் அகல இடைவெளி, அதில் விமானத்தின் பின்னுடல் தெரிகிறது, அதில் சீரியல் நம்பரின் தொடக்கம். நம் விமானப்படையில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு எண். ஹன்டர் என்றால் 'பிஏ', நேட் என்றால் 'ஐஇ', தூஃபானி என்றால் 'ஐசி', மிஸ்டியர் என்றால் 'ஐஏ'. படத்தில் முதல் எழுத்து நேர் கோடு, அது 'ஐ'. அடுத்த எழுத்தில் இடது பாதிதான் இருக்கிறது, மீதி தோளுக்குப் பின்னால். 'சி'யாக இருந்தால் இடது பாதி வளைவாக இருக்க வேண்டும். 'ஏ'யாக இருந்தால் சாய்ந்த கால். லென்ஸை வைத்தேன். சாய்ந்த கால். அதன் நடுவில் குறுக்குக் கோடு தொடங்கும் இடம்கூட ஒரு மயிரிழை தெரிந்தது. துப்பாக்கி ஓட்டை ஒன்று, வால் பொருந்துகிறது, மூக்கில் சுவர், எழுத்து 'ஏ'. மிஸ்டியர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து 'ஆ!' என்று கத்தினேன், அடுப்படியில் இருந்து என்ன கரப்பானா என்று கேட்டார்கள்.

ஆதம்பூர் என்ற சொல்லும் அப்போதுதான் உட்கார்ந்தது. 1965 போரில் மிஸ்டியர்கள் கிளம்பிய தளங்களில் ஆதம்பூரும் ஒன்று. செப்டம்பர் 7ஆம் தேதி அங்கிருந்துதான் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, குடகுக்காரர், பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கப் போன கூட்டத்தில் மாற்று விமானமாகப் பறந்தார். ஒலியைப் போல இருமடங்கு வேகம் போகும் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று அவரைத் துரத்தி வந்தது. நேராகப் பறந்தால் ஒலி வேகத்தைக்கூடத் தாண்ட முடியாத மிஸ்டியரைத் திருப்பி அதோடு மல்லுக்கு நின்று அதை வீழ்த்தினார், அவரும் திரும்பவில்லை. இங்கே அந்தச் சண்டை தெரியவரவே பல வருடம் ஆனது, 1988ல்தான் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் அண்ணன் உடனே 'அப்போ அந்த விமானத்துக்கு அப்பாதான்…' என்று தொடங்கினான். போதும்டா, ஏற்கெனவே ஒரு சேபரைப் பிடித்தாயிற்று என்று நிறுத்திவிட்டேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வேலை செய்தேன், இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. டெல்லியில் பாலம் (Palam) என்ற இடத்தில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே தூஃபானியும் மிஸ்டியரும் இரண்டுமே வைத்திருக்கிறார்கள். டெல்லியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகளிடம், 'முன்னால் நின்று கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, குந்திக்கொண்டு இரண்டையும் படம் பிடித்து அனுப்பு' என்று கேட்டேன். 'ஏன் அண்ணா குந்தணும்?' என்றாள். பெரியப்பா படத்தை எடுத்தவர் தாழ்ந்த இடத்தில் இருந்து எடுத்திருக்கிறார், கோணம் மாறினால் மூக்கின் வடிவமே மாறித் தெரியும், அதனால்தான். பாவம், அவள் குந்தினாள். இரண்டு படமும் வந்தன, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னதால் சுருங்காமல். பெரியப்பா படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகம் ஒரு பொட்டுகூட இல்லை. அவ்வளவு தூரம் போகிறவர்கள் பழைய படத்தையும் கையில் கொண்டு போங்கள், அங்கேயே ஒப்பிட்டுவிடலாம்.

நட்சத்திரம் கொடுக்க வேண்டுமாம், சரி. ஆப்புக்கு ஒன்றரை: பயணிகள் விமானத்துக்காக ஒன்று, உரகான் என்று முணுமுணுத்ததற்காக அரை. பழைய படத்துக்கு இலவச அளவிலேயே பார்த்து, வருகிற பதிலைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாந்து சந்தா கட்டியவர்கள் தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே நிறுத்துங்கள், அந்தப் பட்டனை மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்திருக்கிறார்கள், நான் கண்டுபிடித்த விமானத்தைவிட அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஸ்டூடியோவுக்கு இரண்டு, முகங்களுக்காக. ஆனால் விமானம், கப்பல், வண்டி, பின்னால் போர்டு இப்படி ஏதாவது இருக்கும் படம் என்றால் துடைக்கக் கொடுப்பதற்கு முன் மூலத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், 'ஆட்களை மட்டும் தொடுங்க, பின்னாடி இருக்கிறதைத் தொடாதீங்க' என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். லென்ஸுக்கு நாலரை, தலைவலிக்காக அரை கழித்துவிட்டேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான், மிஸ்டியர் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். ஆனால் ஹாலில் மாட்டிய படம் அப்படியேதான் இருக்கிறது. தேக்குச் சட்டம், கண்ணாடி, கீழே பித்தளைத் தகட்டில் பொறித்த எழுத்து: 'சேபர் விமானத்துடன் அப்பா, 1965'. தகட்டை மட்டும் மாற்ற ஸ்டூடியோவில் 250 ரூபாய் கேட்கிறார்களாம், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறான்.